யாழினியின் 'கோயெட்'

அன்புள்ள குமரனுக்கு,

போன வருடம் சரியாக 'வென்ட்' என்று சொன்ன உன் மகள் யாழினி இப்போது 'ஐ கோயெட் டு த பார்க்' என்கிறாள், வீட்டில் தமிழ் பேசுவதால் குழம்புகிறாளோ, தமிழைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். குறைக்க வேண்டாம். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தே காலத்தைக் கழித்தவள் என்ற உரிமையோடு சொல்கிறேன்.

தமிழே காதில் விழாத ஆங்கிலேயக் குழந்தைகளும் இந்த வயதில் இப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் கேட்டதைக் கேட்டபடி 'வென்ட்' என்பார்கள். பிறகு 'வாக்ட்', 'ஜம்ப்ட்', 'பிளேய்ட்' எல்லாம் கேட்டுக் கேட்டு, முடிந்துபோன செயலுக்கு வினையின் கடைசியில் ஓர் ஒலி சேர்கிறது என்று தாமாகவே கண்டுகொள்கிறார்கள். கண்டுகொண்டதை 'கோ'விலும் ஒட்டிப் பார்க்கிறார்கள். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர், ஆங்கிலத்திலேயே இல்லாத 'ரிக்' என்ற வினையை உருவாக்கி, அதை நேற்றுச் செய்தவன் என்ன செய்தான் என்று சிறு பிள்ளைகளிடம் கேட்டார். 'ரிக்ட்' என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை அவர்கள் அதற்கு முன் யார் வாயிலும் கேட்டதில்லை. 'கோயெட்'டையும் உன் மகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கவனித்தாயா? இலக்கணம் அவளுக்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

உண்மையில் ஒழுங்கு தவறியது 'கோ' என்ற சொல்தான். தமிழில் போ, போனான், போகிறான், போவான் என்று வேர் எங்கும் கூடவே வருகிறது. 'கோ'வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே அதன் இறந்தகாலம் 'ஏயோடெ' என்ற, வேறொரு வேரில் பிறந்த சொல். 'வென்ட்' (went) அப்போது 'வெண்ட்' (wend) என்ற இன்னொரு வினைக்குச் சொந்தமாக இருந்தது. திரும்புதல், வழியைப் பிடித்து நடத்தல் என்பது அதன் பொருள். செண்ட் - சென்ட், பெண்ட் - பென்ட், ஸ்பெண்ட் - ஸ்பென்ட் என்ற வரிசையில் வெண்ட் - வென்ட் என்று வைத்துப் பார், எவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறது! பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் 'ஏயோடெ' வழக்கொழிய, 'கோ' இந்த 'வென்ட்'டைத் தனதாக்கிக்கொண்டது. பறிகொடுத்த 'வெண்ட்' பிற்பாடு 'வெண்டெட்' என்று தனக்குப் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. எனக்கு இந்தக் கதையில் அலுப்பே வருவதில்லை.

நீங்கள் இருக்கும் ஸ்காட்லாந்தில் நடந்தது வேறு. அங்கே மக்கள் 'கோ'வுக்கு ஈடான 'கே' என்ற தங்கள் சொல்லோடு விகுதியைச் சேர்த்து 'கேய்ட்' என்றார்கள். யாழினி செய்ததும் அதேதான்.

ஆனாலும் அவள் 'வென்ட்'டுக்குத் திரும்பிவிடுவாள். நாள்தோறும் காதில் விழும் வினைகள் தங்கள் பழைய உருவத்தை எளிதில் விடுவதில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் பத்து வினைகளும் விதிக்கு அடங்காதவைதான். குறைவாகப் புழங்குபவைதான் மெல்ல வழிக்கு வருகின்றன. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டு 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் இன்றும் ஒழுங்கற்றே நிற்பவை 98. 'ஹெல்ப்' மாறிவிட்ட கூட்டத்தில் ஒன்று. 1611-இல் அச்சான ஆங்கில விவிலியத்தில் அதன் பழைய வடிவமான 'ஹோல்பென்' இருக்கிறது. இன்று பொது வழக்கில் 'ஹெல்ப்ட்' என்றுதான் சொல்கிறார்கள்.

அதனால் 'தப்பு' என்று சொல்லி அவளை நிறுத்தாதே. சொல்ல வந்த விஷயம் பாதியில் நின்றுவிடும், அதுதான் நஷ்டம். நர்சரியில் அவள் 'கோயெட்' என்றால் ஆசிரியை 'ஓ, யூ வென்ட் டு த பார்க்!' என்று பதிலிலேயே சரியான சொல்லை வைத்துப் பேசட்டும். உங்கள் வீட்டில் அதற்கு 'பூங்காவுக்குப் போனாயா? யாரோடு போனாய்?' என்று தமிழில் கேளுங்கள். ஆங்கிலம் அவளுக்குத் தெருவிலும் நர்சரியிலும் தொலைக்காட்சியிலும் கிடைத்துக்கொண்டே இருக்கும். தமிழ் உன்னிடமும் மருமகளிடமும் மட்டும்தான் கிடைக்கும். இரவில் கதை சொல்வதையும் தமிழிலேயே வைத்துக்கொள். நான் தொலைபேசியில் பேசும்போது அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் பரவாயில்லை, நீ நடுவில் புகுந்து மொழிபெயர்க்காதே. நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அம்மா