கராத்தேயில் நடப்பது பங்காளிச் சண்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

கராத்தே ஸ்டைல்களுக்குள் இருக்கும் போட்டி பொறாமை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாவற்றுக்கும் மாஸ்டர்களின் தலைக்கனம்தான் காரணம், அதை விட்டுவிட்டால் எல்லாரும் ஒரே குடையின் கீழ் வந்துவிடலாம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். தலைக்கனம் இல்லை என்று சொல்ல மாட்டேன், எந்தக் கலையில்தான் இல்லை? ஆனால் பல வருடங்களாகக் கராத்தே பழகி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிற எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. இங்கே நடப்பது இரண்டு விதமான சண்டை. காலை எங்கே வைப்பது, எவ்வளவு பலமாக அடிப்பது என்பது ஒன்று. சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவது யார் என்பது இன்னொன்று. கட்டுரை இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. முதல் சண்டை தாராளமாக நடக்கட்டும். இரண்டாவதுதான் மாணவர்கள் தலையில் விடிகிறது.

முதல் வகையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஷோட்டோகான், ஷிட்டோ ரியூ என்று இரண்டு கராத்தே ஸ்டைல்கள். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு மாணவரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு கட்டாவைச் செய்யச் சொல்லுங்கள். கட்டா என்பது அடி, தடுப்பு அசைவுகளை ஒரே வரிசையில் தனியாகச் செய்துகாட்டும் பயிற்சி. ஷோட்டோகானில் அதன் பெயர் ஹெய்யான் நிடான், ஷிட்டோ ரியூவில் பினான் ஷோடான். இருவரும் இடப்பக்கம் திரும்புவார்கள், இரண்டு கைகளும் மேலே எழும், ஒரு கை முன்னால், ஒரு கை நெற்றிக்கு மேல். இடுப்புக்கு மேலே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கீழே பார்த்தால் கதை வேறு. ஷோட்டோகான்காரர் நீளமாக நின்று, எடையைப் பெரும்பாலும் பின்காலில் இறக்கி, முன்காலின் குதிகாலைத் தரையில் பதித்திருப்பார். மற்றவர் குறுகலாக நின்று, முன்காலின் விரல் பகுதி மட்டும் தரையைத் தொட, குதிகாலைத் தூக்கி வைத்திருப்பார். "உன் ஸ்டான்ஸ் தப்பு" என்று இருவரும் ஒருவரையொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இருவருக்கும் மூலம் ஒன்றே. இந்தக் கட்டா அடங்கிய பினான் வரிசையை ஜப்பானின் ஒகினாவா தீவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவர் இடோசு என்ற கராத்தே ஆசான். ஷோட்டோகானின் ஃபுனாகோஷி, ஷிட்டோ ரியூவின் மபுனி இருவருமே அவரிடம் கற்றவர்கள். 1922-இல் டோக்கியோவுக்குப் போன ஃபுனாகோஷி, பினான் என்ற பெயரை ஹெய்யான் என்று மாற்றினார், வரிசையில் முதல் இரண்டையும் இடம் மாற்றினார். நிலைகளைத் தாழ்த்தி நீளமாக்கியதில் பெரும் பங்கு அவர் மகன் யோஷிடகாவுக்கு என்பார்கள். ஒசாகாவுக்குப் போன மபுனி குறுகிய நிலையை வைத்துக்கொண்டார். ஆக, தகப்பன் சொத்தைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் வரப்பில் நின்று போடும் சண்டைதான் இது.

இந்தச் சண்டையால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் வகுப்பிலேயே இதை வைத்து மாலை முழுக்க வாக்குவாதம் நடந்திருக்கிறது. கடைசியில் ஒருவரை எதிரே நிறுத்திச் செய்து பார்த்துவிட வேண்டியதுதான். குறுகிய நிலையில் முன்காலில் எடை பெரிதாக இல்லை, அதனால் அந்தக் கால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உதையாகப் புறப்பட்டுவிடும். நீளமான நிலையில் அந்த உதை தாமதமாகும், ஆனால் அங்கிருந்து பின்காலை உந்தி முன்னேறும் வேகம் தனி, தொடை உரமேறுவதும் தனி. வாதம் பண்ணியதால்தான் இது புரிந்தது. கட்டுரையாளர் ஆசைப்படுகிற ஒற்றுமை வந்திருந்தால் இரண்டில் ஒன்று என்றோ காணாமல் போயிருக்கும்.

அடுத்தது, எவ்வளவு அடிப்பது என்ற பிரச்சினை. இது இன்னும் காரமானது. ஃபுனாகோஷிக்குப் போட்டிகளில் விருப்பமில்லை, கட்டாதான் அவருக்கு எல்லாம். 1957 ஏப்ரல் 26-இல் அவர் காலமானார். அதே வருடம் அவருடைய சீடர்கள் அமைத்த ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது. அவருடைய இன்னொரு சீடர் கூட்டமான ஷோட்டோகாய் போட்டியே வேண்டாம் என்ற பாதையில் போனது. அவரிடம் சில காலம் பழகிய ஓயாமா நேர் எதிர்த் திசையில் போனார். கையுறை கிடையாது, முழுப் பலத்தோடு அடிக்கலாம், ஆனால் கையால் முகத்தில் குத்தக் கூடாது. அதுதான் கியோகுஷின். (ஓயாமா காலமானதும் ஏப்ரல் 26-தான், 1994-இல். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

விதி எப்படியோ உடம்பு அப்படி. முகத்தில் குத்து வராது என்று தெரிந்த கியோகுஷின்காரர் மார்போடு மார்பு ஒட்டி நின்று விலாவிலும் தொடையிலும் இடிப்பார், கை கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். முழுப் பலத்தோடு அடிக்காமல், அடியை நிறுத்திக் காட்டிப் புள்ளி எடுக்கும் பாயின்ட் போட்டியில் வளர்ந்தவர் தூரத்தில் துள்ளிக்கொண்டிருந்து, கண் இமைப்பதற்குள் பாய்ந்து தொட்டுவிட்டுத் திரும்புவார். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதியில் குத்துக்கு 1, உடம்பில் விழும் உதைக்கு 2, தலை உயர உதைக்கு 3 புள்ளி. பிறகு ஒருவர் மற்றவரைப் பார்த்து "அது நடனம்" என்பார், மற்றவர் "அது முரட்டுத்தனம்" என்பார். தலைக்கனம் என்று நாம் நினைப்பதில் பாதி, வேறு விதியில் வளர்ந்த இரண்டு உடம்புகளின் வித்தியாசம்தான்.

இது உலகத்துக்கே தெரிந்தது 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிக் கராத்தே ஆட்டத்தில். 75 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவின் இறுதிப் போட்டி. சவுதி அரேபியாவின் ஹமேதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். தலை உயரத்துக்கு ஓர் உதை வீசினார். ஈரானின் கஞ்சாதே அப்படியே சரிந்து நினைவிழந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, கட்டுப்பாடில்லாமல் அடித்ததற்காக ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். நினைவிழந்து கிடந்தவருக்குத் தங்கம். அதே உதை கியோகுஷின் மேடையில் விழுந்திருந்தால் அந்த நொடியே ஹமேதிக்கு முழு வெற்றி. எங்கள் வகுப்பில் அன்று இரண்டு கட்சி ஆகிவிட்டது. எனக்கு நடுவர்கள் செய்தது சரி என்றுதான் படுகிறது. நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் புள்ளி என்று எழுதிவைத்துவிட்டு, நிறுத்தாதவருக்கு எப்படித் தங்கம் கொடுப்பது? ஆனால் மறுகட்சிக்காரர்களைத் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று ஒதுக்க என்னால் முடியாது. அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது.

ஒரே குடை வந்தால் வாதம் ஓய்ந்துவிடும் என்பதும் நடைமுறையில் இல்லை. 1964-இலேயே ஒலிம்பிக்குக்குப் போய்விட்ட ஜூடோவுக்கு உலக அளவில் ஒரே தலைமைதான். 2010-இலும் 2013-இலும் காலைக் கையால் பிடித்துத் தூக்கி எறியும் உத்திகளைப் போட்டியில் தடை செய்தார்கள். பழைய ஆட்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள்.

சரி, இரண்டாவது சண்டைக்கு வருகிறேன். இதில் நுணுக்கமும் இல்லை, தத்துவமும் இல்லை. ஜப்பான் கராத்தே சங்கத்தின் தலைமைப் பயிற்றுநர் நகாயாமா 1987-இல் மறைந்தார். சில வருடங்களில் சங்கம் இரண்டாகி, இரு தரப்பும் நாங்கள்தான் அசல் என்று கோர்ட்டுக்குப் போயின. தீர்ப்பு வந்து முடிய 1999 ஆனது. ஓயாமா விஷயம் இன்னும் மோசம். மருத்துவமனையில் இருந்தபோது அவர் சொல்லி எழுதியதாக வந்த உயிலில் மட்சுயி என்பவர் வாரிசு. குடும்பத்தார் எதிர்த்தார்கள், நீதிமன்றம் அந்த உயிலை ஏற்கவில்லை. அதற்குள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, ஒரே பெயரில் இயங்கிய அமைப்புகளைக் கியோகுஷின்காரர்களே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக் கூப்பிட வேண்டியதாயிற்று. இந்தப் பிரிவுகள் குத்தும் முறையிலோ கட்டாவிலோ வந்த சண்டையால் வந்தவை அல்ல. முக்கியமாக மாறியது லெட்டர்பேடும் முத்திரையும்தான். பெல்ட் டெஸ்ட்டுக்கும் டான் (கருப்பு பெல்ட்டின் படிநிலை) பதிவுக்கும் கட்டணம் போய்ச் சேருகிற இடமும் கூடவே மாறியது. அதை எந்த மாஸ்டரும் மேடையில் சொல்ல மாட்டார்.

மேலே பிரிந்தால் கீழே என்ன ஆகும்? எங்கள் வகுப்புக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வேறு சங்கத்தில் பிரவுன் பெல்ட், அதாவது கருப்புக்கு முந்தைய பெல்ட், வாங்கியவள். குடும்பம் இடம் மாறியதால் முதலில் வேறோர் இடத்தில் சேரப் போயிருக்கிறாள். "அந்த பெல்ட் இங்கே செல்லாது, வெள்ளையைக் கட்டிக்கொண்டு வா" என்றிருக்கிறார்கள். அவளை ஒரு குத்துகூடக் குத்திக் காட்டச் சொல்லவில்லை, சர்டிபிகேட்டில் இருந்த பெயரைப் பார்த்ததோடு சரி. பல மாதம் அவள் கராத்தே பக்கமே போகவில்லையாம். எங்களிடம் வந்து செய்து காட்டியபோது, முன் உதையில் முழங்கால் மார்பு வரை ஏறி, உதைத்த வேகத்திலேயே மடங்கித் திரும்பியது. எங்கள் பிரவுன் பெல்ட்களில் பாதிப்பேருக்கு அந்தத் திரும்பல் இன்னும் வரவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, எந்த ஸ்டைல் பெரியது என்று மாஸ்டர்களிடம் கேட்காதீர்கள். ஆளாளுக்கு ஒரு மணி நேரம் பேசுவார்கள், ஒன்றும் தேறாது. வேறு சங்கத்திலிருந்து ஒரு மாணவர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளைச் சேர்க்கப்போகும் பெற்றோரும் சேர்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. நீங்கள் கொடுக்கும் பெல்ட்டை வேறு யார் ஏற்பார்கள், டான் எந்த அமைப்பில் பதிவாகும் என்பதையும் கேட்கலாம்.

என்னிடம் கேட்டால் என் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். வருகிறவர் கட்டியிருக்கும் பெல்ட்டைக் கழற்றச் சொல்வதில்லை. எங்கள் கட்டாக்கள் பழகும் வரை அதே பெல்ட்டோடு வரிசையில் நிற்பார், அடுத்த டெஸ்ட் மட்டும் எங்களிடம். சில சக மாஸ்டர்களுக்கு இது பிடிக்கவில்லை, தரத்தைக் குறைக்கிறேன் என்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வந்து அந்தப் பெண்ணோடு குமிதே (இருவர் மோதும் பயிற்சிச் சண்டை) செய்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கராத்தே பயிற்றுநரான ஒரு வாசகர்