சிமெண்ட் பூச வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. வெளியே முழுக்க சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும் என்று சொன்னவருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. கொஞ்சம் பொறு.

போன ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில், உன் விக் நகரில் உன்னோடு இருந்தபோது, "அப்பா சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறார்" என்று சிரித்தாயே, சும்மா தடவவில்லை. விக்கில் நீ குடியிருக்கும் புல்ட்னிடவுன் பகுதி, தாமஸ் டெல்ஃபோர்டு என்ற இன்ஜினியர் திட்டம் போட்டுக் கொடுத்த ஊர். பிரிட்டிஷ் மீன்பிடிச் சங்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரை வைத்துத்தான் அதை எழுப்பியது. கீழே துறைமுகத்தை ஒட்டி மீனை உப்பிடும் கூடங்களும் பீப்பாய்ப் பட்டறைகளும். மேட்டில் குடியிருப்பு, அதற்கு நடுவே ஆர்கைல் சதுக்கம். மீன் வாடை கீழேயே நிற்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ! கீழிருந்து பிளாக் ஸ்டெயர்ஸ் படிகளில் ஏறி வருவதற்குள் என் முழங்கால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஹெர்ரிங் மீன் கொழித்த காலத்தில், சீசனுக்கு 1,000 படகுகளுக்கு மேல் அந்தத் துறைமுகத்தில் நின்றன. அந்த வரும்படியில் எழுந்த வீடுகள் அவை.

சரி, சுவருக்கு வருகிறேன். உங்கள் கெய்த்னஸ் வட்டாரத்துக் கல் பலகை பலகையாகப் பிளக்கும். அந்தக் கல்லை இரண்டு முகமாக அடுக்கி, நடுவில் சில்லுக் கல்லைப் போட்டு, சுண்ணாம்புச் சாந்தால் பிடித்திருக்கிறார்கள். கடல்காற்றில் சுவர் நனையத்தான் செய்யும். நனைந்த ஈரம் சுண்ணாம்பு வழியாக மெல்ல வெளியேறிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உள்பக்கம் திரும்பும். பனியில் உறைந்தால் கல்லின் முகமே உதிரும். முன்னால் யாரோ கல் இடுக்குகளில் சிமெண்ட் வைத்திருக்கிறார்கள், படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. உன் ஓதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பத்தா வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு நான்தான் ஆள் வைத்து சிமெண்ட் பூசினேன். இரண்டே மழைக்காலம், பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. "இன்ஜினியர் பூசின சுவர்" என்று அப்பத்தா கடைசிவரை சொல்லிக்காட்டினாள்.

முதலில் கூரையோரத்து மழைநீர்த் தகரத்தைப் பார், இலை அடைத்திருக்கும். சுவரோரத்து மண் உள்தரையைவிட உயரமாக இருந்தால் வெட்டி இறக்கு. அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கல்கொத்தனாராகத் தேடு. புல்ட்னிடவுன் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் உள்ளாட்சி அலுவலகமான ஹைலேண்ட் கவுன்சிலிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு வேலையைத் தொடவே கூடாது, அதனால் வசந்தம் வரட்டும். அதுவரை கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போடு.

பழைய சாந்தைக் கொஞ்சம் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் படம் அனுப்பு. வெயில் வெளிச்சத்தில் எடு, உங்கள் ஊரில் அது கிடைத்தால்.

அன்புடன்,
அப்பா