இலவசமாக வரைந்த குளியலறையும் அதில் விடுபட்ட அளவுகளும்: புகார்க் கடிதம்

கிளிநொச்சி.

முகாமையாளர் அவர்கட்கு,
ரைல் மற்றும் குளியலறைப் பொருட்கள் காட்சியறை,
வவுனியாக் கிளை.

ஐயா / அம்மா,

பொருள்: தவறான அளவில் விற்ற ரைல், கொமட், சவர் தொடர்பானது

தங்கள் கிளையில் இலவசமாக வரைந்து தந்த கணினிப் படத்தை நம்பி, 8 அடிக்கு 5 அடி குளியலறை ஒன்றுக்கான பொருட்கள் முழுவதையும் ஒரே பில்லில் வாங்கினோம். வீட்டுக்காரரும் வேலையைப் பொறுப்பெடுத்த மேசனும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். தேத்தண்ணி தந்து பொறுமையாகக் கதைத்த பிள்ளைகள் மேல் எங்களுக்குக் குறையில்லை. குறை அந்தப் படத்தில்தான். அதில் பூச்சாடி இருக்கிறது, மடித்து வைத்த துவாய்கூட இருக்கிறது. கழிவுக் குழாய் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, தண்ணீர்த் தாங்கி எந்த உயரத்தில், தரைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற மூன்றும் இல்லை. அவற்றை யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் கணக்கு. சுவரில் 7 அடி உயரத்துக்கு 600க்கு 1200 மில்லிமீற்றர் ரைலைக் கிடையாக வைத்துப் படம் வரையப்பட்டது. சுற்றளவு 26 அடி, 7 அடியால் பெருக்கிக் கதவையும் யன்னலையும் கழித்தால் 160 சதுர அடி. ஒரு பெட்டியில் இரண்டு ரைல், அதை 16 சதுர அடி என்று பிடித்து 10 பெட்டி எழுதினீர்கள். 600 மில்லிமீற்றர் 2 அடி அல்ல, அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு பெட்டி 1.44 சதுர மீற்றர், அதாவது 15.5 சதுர அடி. பத்துப் பெட்டியில் 155 சதுர அடிதான் வரும். ஒரு ரைலையும் வெட்டாமலே 5 சதுர அடி குறைகிறது.

வெட்டு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 7 அடி என்பது 2134 மில்லிமீற்றர். மூன்று வரிசை 1800 போக மேலே ஏறத்தாழ 330 மீதி. 600 ரைலில் 330 வெட்டினால் மிஞ்சுவது 270, அது இன்னொரு 330 துண்டுக்குக் காணாது. ஆகவே மேல் வரிசைக்கும் முழு ரைல்தான் போகும். உடைவு ஒன்றும் இல்லாவிட்டாலே 12 பெட்டி, உடைவோடு 13. சேதத்துக்கு வழக்கமாகப் போடும் 10 வீதத்தைச் சேர்த்தாலும் இங்கே சரிவராது, வரிசையை எண்ணித்தான் பார்க்க வேண்டும். 6 அடியோடு நிறுத்தி மேலே பெயின்ற் அடிக்கச் சொல்லியிருந்தால் அதே 10 பெட்டி போதும். படம் வரைகிறவர் சொல்ல வேண்டிய ஒரு வசனம் அது.

மூன்று சுவர் முடிந்ததோடு ரைலும் முடிந்தது. பிறகு அனுப்பிய 2 பெட்டி வேறு உற்பத்தித் தொகுதி. பெட்டியின் பக்கத்தில் ரைலின் பெயருக்குக் கீழே நிற எண்ணும் அளவு எண்ணும் அச்சிட்டிருக்கும். இரண்டுமே மாறியிருக்கின்றன. பக்கத்தில் பக்கம் வைத்தால் புதியது மஞ்சள் அடிக்கிறது, நீளத்தில் 1 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. 2 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு ஒட்டும் ரைலில் அந்த ஒரு மில்லிமீற்றர் கண்ணில் குத்தும். ஒப்பந்தக்காரர் இருநூறு பெட்டி எடுத்தால் ஒரே தொகுதியில் ஒதுக்கிக் கொடுக்கிறீர்கள், பத்துப் பெட்டிக்காரருக்குக் களஞ்சியத்தில் மிஞ்சியது வருகிறது என்றே எண்ண வேண்டியிருக்கிறது. வன்னியில் ஒரே மூச்சில் வீடு முடிக்கிறவர் குறைவு. வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டோடு பிறகு ஒரு குளியலறை சேர்க்கிறவர், காசு சேரச் சேரக் கட்டுகிறவர், இவர்கள்தான் கூட. தொகுதி எண்ணைப் பில்லில் எழுத வேண்டியது இவர்களுக்காகவே.

இந்த ரைலை என்னத்தால் ஒட்டுவது என்றும் சொல்லவில்லை. சாதாரண சுவர் ரைல் 10 வீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும், சீமெந்துக் கரைசல் அதில் பிடிக்கும். நீங்கள் தந்தது போர்சலின், உறிஞ்சுவது 0.5 வீதத்துக்கும் குறைவு. ஒன்று ஏறத்தாழ 15 கிலோ. வெறும் சீமெந்தில் ஒட்டினால் இன்று நிற்கும், பிறகு ஒருநாள் தட்டிப் பார்த்தால் பொள் என்று கேட்கும், அதற்குப் பிறகு விழும். பிடிப்புக் கூடிய சி2 வகை ரைல் பசை, அதை வரிவரியாக இழுக்க 10 மில்லிமீற்றர் பல்லுக் கரண்டி, ரைலின் முதுகிலும் ஒரு பூச்சு என்று செய்ய வேண்டும். 25 கிலோப் பசைப் பை குறைந்தது நான்கு தேவை. பில்லில் ஒரு பை பசைகூட இல்லை. அதோடு, படத்தில் செங்கல் கட்டு மாதிரிப் பாதிக்குப் பாதி தள்ளி அடுக்கியிருக்கிறது. 1200 நீள ரைல் நடுவில் இலேசாக வளைந்திருக்கும். ஒன்றின் நடு மற்றதன் முனைக்கு நேரே வந்தால் விளிம்பு தட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக் கூடாது. நாங்கள் அப்படியே மாற்றி ஒட்டினோம்.

தரைக்கு 600க்கு 600 பளபளப்பு ரைல், நடுவில் ஒரு சல்லடை. இதை ஒட்டவில்லை, ஒட்டவும் மாட்டோம். குளிக்கும் இடத்துக்கு 80க்கு 1 சரிவு வேண்டும். 8 அடி நீளத்துக்கு ஒரே பக்கமாகச் சரித்தால் அது 30 மில்லிமீற்றர். நடுவில் சல்லடை வைத்தால் நாலு பக்கமும் அதை நோக்கிச் சரிய வேண்டும், 2 அடி ரைல் வளையாது. மூலைக்கு மூலை வெட்டினால் படத்தில் இருந்த அழகு போய்விடும், வெட்டாவிட்டால் தண்ணீர் தேங்கும். சுவரோரம் நீளச் சல்லடை வைத்து ஒரு பக்கச் சரிவு கொடுக்கலாம், அல்லது 300க்கு 300 சொரசொரப்பு ரைல் போடலாம். சவர்க்கார நுரை படும் தரைக்கு, வழுக்காத தன்மையைக் காட்டும் ஆர்10 அல்லது ஆர்11 என்ற குறி பெட்டியில் போட்டிருக்க வேண்டும். தந்த பெட்டியில் அப்படி ஒன்றும் இல்லை. வீட்டில் வயது போனவர்கள் இருக்கிறார்களா என்றாவது கேட்டிருக்கலாம்.

கொமட் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நிலத்தில் உள்ள 4 அங்குலக் கழிவுக் குழாயின் மையம், ரைல் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து 225 மில்லிமீற்றர். தந்த கொமட் 300 மில்லிமீற்றருக்கானது. குழாய் வாயில் பொருத்தினால் பின்தாங்கி 75 மில்லிமீற்றர் சுவருக்குள் போக வேண்டும்! வளைந்த இணைப்பு ஒன்று போடச் சொல்லித் தொலைபேசியில் யோசனை வந்தது. 75 மில்லிமீற்றர் தள்ளும் அளவுக்கு வளைத்தால் வழி ஒடுங்கி அடைப்பு வரும். பெட்டி திறந்துவிட்டது, மாற்ற முடியாது என்கிறீர்கள். திறந்து அளக்காமல் எப்படித் தெரியும்?

சவர் 8 அங்குல மழைச் சவர், கலவைக் குழாய் சுவருக்குள் புதைப்பது. பெட்டிக்குள் இருந்த தாளிலேயே குறைந்தது 1 பார் அழுத்தம் என்று போட்டிருக்கிறது. 1 பாருக்குத் தாங்கி சவரைவிட 10 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் தாங்கியின் அடி நிலத்திலிருந்து 15 அடி, சவர் முகம் வீட்டு அத்திவார உயரத்தோடு 9 அடி. மிஞ்சும் 6 அடிக்கு 0.18 பார் கிடைக்கும். புதைக்க முன் தற்காலிகமாகப் பூட்டிப் பார்த்தோம். 10 லீற்றர் வாளி நிரம்ப 4 நிமிடம். இந்தப் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் தாங்கியின் உயரம் இவ்வளவுதான், அழுத்த மோட்டர் இல்லாமல் மழைச் சவர் வேலை செய்யாது. அத்தோடு கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளை, சவர்த் துளையையும் புதைத்த குழாயின் உள்ளுறுப்பையும் அடைக்கும். வெளியில் பூட்டும் சவர் என்றால் முகத்தைக் கழற்றி வினாகிரியில் ஊறவைக்கலாம். புதைத்தது பழுதானால் ரைலை உடைக்க வேண்டும். கறுப்புப் பூச்சுக் குழாயில் அந்த வெள்ளை முதல் மாதமே தெரியும், அமிலம் போட்டுத் தேய்த்தால் பூச்சும் போகும்.

ஆகவே நாங்கள் கேட்பது: முதல் தொகுதியின் நிற எண்ணும் அளவு எண்ணும் உள்ள 3 பெட்டி தர வேண்டும். அது எந்தக் கிளையிலும் இல்லையென்றால், நாலாவது சுவருக்கு வேறு நிறத்தில் பொருந்தும் ரைலை உங்கள் செலவில் தர வேண்டும். கொமட்டை 225 மில்லிமீற்றருக்கானதாக மாற்ற வேண்டும். சவரும் கலவைக் குழாயும் பூட்டிப் பார்த்ததைத் தவிரப் பாவிக்கப்படவில்லை. அவற்றையும் பிரிக்காத தரை ரைல் பெட்டிகளையும் வேறு தொகுதியாக வந்த 2 பெட்டியையும் திருப்பி எடுத்துப் பணத்தைத் தர வேண்டும். ஏற்றியிறக்கும் கூலியும் உங்கள் பொறுப்பே.

இனிப் படம் வரைகிறவர் கணினியைத் திறக்க முன், குழாயின் தூரம், தாங்கியின் உயரம், சரிவின் பக்கம், தண்ணீர் கிணறா குழாயா, முடிந்த சுவரின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கட்டும். அரை மணித்தியால வேலை. பிறகு பிழை வந்தால் யாருடையது என்றும் தெரியும்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவோம். பில்லின் பிரதி, நீங்கள் தந்த படம், இரண்டு தொகுதிப் பெட்டிகளின் எண் உள்ள பக்க அட்டை, குழாய் மையத்தில் அளவுநாடா வைத்து எடுத்த புகைப்படம் என்பன இத்துடன் உள்ளன. ஆள் அனுப்புவதென்றால் காலை 10 மணிக்கு முன் அனுப்புங்கள். புதிய ரைலின் மஞ்சளைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், உங்கள் காட்சியறை விளக்கில் அது தெரியாது.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்
வேலைப் பொறுப்பு மேசன்