யாழினி தாண்டட்டும்

அன்புள்ள கயல்,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் குறுக்கே குறுக்கே பேசிக்கொள்வோம், அதனால்தான் கடிதம். யாழினி ஸ்கீ ஜம்பிங் (காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, பனியில் சறுக்கி வந்து, மேடை நுனியிலிருந்து பறந்து தாண்டுகிற விளையாட்டு) கிளப்பில் சேர அடம்பிடிக்கிறாள், "நீயாவது வேண்டாம்னு சொல்லும்மா" என்றாய். சொல்லத்தான் நினைத்தேன். அதைப் பற்றிப் படிக்கப் படிக்க அவள் கட்சிக்குப் போய்விட்டேன்.

முதலில் உன் பயம். முன்னாலிருந்து படம் பிடித்தால் மொட்டை மாடியிலிருந்து குதிக்கிற மாதிரிதான் தெரியும். பக்கவாட்டில் எடுத்ததைப் பார். மேடையின் நுனியே கீழ்நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. அவர்கள் பறக்கப் பறக்க மலைச்சரிவும் கூடவே இறங்குகிறது, அதனால் தரை சில மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. இறங்கும்போது ஒரு காலை முன்னே வைத்து, முழங்காலை மடக்கி, இரு கைகளையும் விரிக்க வேண்டும். இதற்கு டெலிமார்க் என்று பேர். ஒழுங்காகச் செய்யாவிட்டால் நடுவர்கள் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள்.

டெலிமார்க் நார்வேயில் ஒரு பகுதி. அங்கிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள்தான் இந்த விளையாட்டை உங்கள் அமெரிக்கா பக்கம் கொண்டுவந்தார்கள். மினியாபொலிஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் ரெட் விங் வருமே, அங்கேதான் 1887-இல் மிக்கெல் ஹெம்மெஸ்ட்வெட் 37 அடி தாண்டினார். அப்போது அதுவே பெரிய சாதனை. 1905-இல் மிச்சிகனில் இஷ்பெமிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில் தேசிய ஸ்கீ சங்கம் தொடங்கினார்கள். கார்ல் ஹவல்சன் என்றொருவர் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸில்கூடத் தாண்டிக் காட்டியிருக்கிறார். 1938-இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்துக்குள்ளேயே மேடை கட்டி, ஐஸை நொறுக்கிக் கொட்டிப் போட்டி நடத்தினார்களாம். அந்த ஊரில்! கூத்துதான்.

கணக்கு டீச்சராக இருந்த எனக்குப் பொறுக்காத கதை ஆண்டர்ஸ் ஹௌகனுடையது. அவரும் டெலிமார்க்கிலிருந்து வந்தவர். 1924-இல் ஷமோனியில் முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது அமெரிக்காவுக்காகத் தாண்டினார். நான்காவது இடம். நார்வேயின் தோர்லெய்ஃப் ஹௌகுக்கு வெண்கலம். மார்க்கைக் கணக்கிட்டதில் பிழை இருந்ததை ஐம்பது வருடம் யாரும் பார்க்கவில்லை. 1974-இல்தான் நார்வேக்காரர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்குள் ஹௌக் காலமாகியிருந்தார். அவருடைய மகளே அந்தப் பதக்கத்தை ஹௌகன் கையில் கொடுத்தார். அப்போது ஹௌகனுக்கு 85 வயது. பரீட்சைப் பேப்பரில் கூட்டலை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் நாங்கள் வெளியே விடுவோம். ஒலிம்பிக்ஸில் அது இல்லாமல் போச்சே!

ஆனால் என் மனதை மாற்றியது அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான். டிவியில் அடிக்கடி வந்த லிண்ட்சி வோன் வேறு ஆள். இவர் 2009-இல் லிபெரெட்ஸில் பெண்களுக்கு முதன்முதலாக நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஜெயித்தவர். கனடாவின் வான்கூவர் ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய சிறிய மேடையில் ஆண் பெண் எல்லோரையும் விட அதிக தூரம் தாண்டியிருந்தவரும் இவரே. 2010-இல் ஒலிம்பிக்ஸ் வந்தபோது பெண்களுக்கு அந்தப் போட்டியே கிடையாது என்றார்கள். அதற்கு முன்பே, 2005-இல், உலக ஸ்கீ சம்மேளனத்தின் தலைவர் இது மருத்துவ ரீதியாகப் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று பேசியிருந்தார். எந்த மருத்துவம் என்று யாராவது கேட்டார்களா, தெரியவில்லை. வானும் மற்ற பெண்களும் கனடாவில் வழக்குப் போட்டார்கள். இது பாகுபாடுதான், ஆனால் ஒலிம்பிக் கமிட்டியைக் கட்டுப்படுத்த எங்களுக்கு அதிகாரமில்லை என்றார் நீதிபதி. ஒருவழியாக 2014-இல் சோச்சி ஒலிம்பிக்ஸில் பெண்களையும் தாண்ட விட்டார்கள். முதலில் தாண்டியது அமெரிக்காவின் சாரா ஹெண்ட்ரிக்சன்.

இதையும் மறைக்கக் கூடாது: அந்த சாராவுக்குச் சில மாதம் முன்புதான் பயிற்சியில் விழுந்து முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. விழுவார்கள், அடிபடும். அது பெரிய மேடை. யாழினிக்குச் சின்னதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நீ ஒருநாள் கூடப் போய், அவள் வயதுப் பிள்ளைகள் எப்படி இறங்குகிறார்கள் என்று பார். கோச் அவசரப்படுத்துகிறவராக இருந்தால் வேறு கிளப் தேடு. அப்புறம் மாப்பிள்ளையோடு பேசி முடிவு பண்ணு.

அப்பா தன் குரங்குக் குல்லாயை யாழினிக்கு அனுப்புகிறேன் என்கிறார். ஹெல்மெட்டுக்குள்ளே அது போகுமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா