சேகருக்கு, டெட்ராய்டிலிருந்து

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்
31 ஜனவரி 2009

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுவாரம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இன்னும் ரெண்டு மாசத்துக்கு மாடிப்படி பக்கம் போகவிடாதே. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். எனக்கு வேலை இருக்கிறது. நீ கேட்கத் தயங்கி, சுற்றிவளைத்து விசாரித்திருந்தாய், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் எங்கள் கம்பெனியில் ஒரு ஷிப்டையே எடுத்துவிட்டார்கள். என்னோடு தினமும் மதியம் சாப்பிட்ட இருவர் இப்போது வீட்டில் இருக்கிறார்கள். ஒருவர் ஹைதராபாத்துக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இந்த மாநிலத்தில் வேலையில்லாதவர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள், நாட்டிலேயே அதிகம் இங்கேதான்.

சரி, நீ எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். "லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியைச் செய்து விற்றவன் கடைசியில் கவர்மென்டிடம் கை நீட்டுகிறான், அவனுக்கு எதற்குக் காசு?" என்று கேட்டிருந்தாய். இங்கேயும் பாதி நாடு அதைத்தான் கேட்கிறது. கலிபோர்னியாவில் இருக்கும் என் மச்சான், பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் டொயோட்டாவின் ஹைபிரிட் கார் பிரியஸை ஓட்டுகிறார். போன் பண்ணும்போதெல்லாம் இதே பேச்சு. நீ சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மீதியை நான் விடுவதாக இல்லை.

கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. நவம்பரில் கார் கம்பெனித் தலைவர்கள், ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) வாகனர், ஃபோர்டின் முலாலி, கிரைஸ்லரின் நார்டெல்லி மூவரும் 25 பில்லியன் டாலர் கேட்டு வாஷிங்டன் போனார்கள், ஆளுக்கொரு தனி ஜெட்டில். அன்று டிவி பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. டிசம்பரில் ஹைபிரிட் கார்களில் ஐந்நூறு மைலுக்கு மேல் ரோடு வழியாகவே போய்ப் பார்த்தார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. டிசம்பர் 11ஆம் தேதி இரவு 14 பில்லியன் டாலர் உதவி மசோதா செனட்டில் (மேல்சபையில்) தோற்றுப்போனது. 19ஆம் தேதி அதிபர் புஷ், வங்கிகளைக் காப்பாற்ற ஒதுக்கிய பணத்திலிருந்து 17.4 பில்லியன் எடுத்துக் கொடுத்தார். ஜிஎம்மும் கிரைஸ்லரும் இன்று சம்பளம் போடுவது அதில்தான். ஃபோர்டு அந்தப் பணத்தைத் தொடவில்லை. முலாலி 2006இலேயே, பேங்க்காரன் கேட்டால் கொடுக்கிற காலத்தில், அந்த நீல முட்டை லோகோவைக்கூட அடமானம் வைத்து 23 பில்லியனுக்கு மேல் கடன் வாங்கிவைத்திருந்தார். அந்த முன்யோசனைதான் இன்று கைகொடுக்கிறது.

இங்கே மக்கள் மனசு கசந்துபோயிருப்பது இன்னொரு கணக்கில். வால் ஸ்ட்ரீட் வங்கிகளுக்கு 700 பில்லியன் அக்டோபரில் ரெண்டே வாரத்தில் பாஸ் ஆனது. கையில் கிரீஸ் படிய வேலை செய்கிறவனுக்கு அதில் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க, அவன் மணிக்கு எவ்வளவு சம்பளம் வாங்குகிறான் என்று நாடே விசாரணை நடத்தியது. "மணிக்கு 70 டாலர்" என்று டிவியில் கேட்டிருப்பாய். யாரும் அந்த 70ஐ வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. லைனில் நிற்கும் பழைய தொழிலாளிக்கு மணிக்கு 28 டாலர் சொச்சம். மீதியில் பெரும்பகுதி ஏற்கனவே ரிட்டையர் ஆனவர்களின் பென்ஷனும் மருத்துவச் செலவும். அதையெல்லாம் கூட்டி, இன்று வேலையில் இருக்கும் கொஞ்சம் பேரின் மணிநேரத்தால் வகுத்தால் 70 வரத்தான் செய்யும். தொழிற்சங்கத்தோடு போட்ட 2007 ஒப்பந்தத்துக்குப் பிறகு சேரும் புது ஆளுக்கு ஏறக்குறைய 14 டாலர்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மூன்று கம்பெனிகளில் ஒன்றில் முப்பது வருஷம் ஆக்ஸில் பொருத்தியவர். வலது தோள்பட்டை காதுக்கு மேலே உயராது. போன வாரம் பனி அள்ளும்போது நான் உதவப் போனேன். அவர் ஷவலில் சாய்ந்து நின்றபடி, டென்னஸியில் இருக்கும் மகனே "திவால் ஆகட்டும், அப்போதுதான் புத்தி வரும்" என்று சொல்வதைச் சொன்னார். மகன் வேலை பார்ப்பது ஒரு வெளிநாட்டுக் கார் ஆலைக்குப் பக்கத்தில். தெற்கு மாநிலங்கள் அந்த ஆலைகளை வரிச்சலுகையும் நிலமும் கொடுத்துத்தான் கூட்டிவந்தன. 1993இல் மெர்சிடிஸுக்காக அலபாமா செய்த செலவு மட்டும் சுமார் 250 மில்லியன் டாலர். செனட்டில் நமக்கு எதிராக உரக்கப் பேசியவர்களில் ஒருவர் அலபாமாவின் ஷெல்பி, இன்னொருவர் டென்னஸியின் கார்க்கர். அரசு உதவி தப்பு என்று சொல்பவர்கள் இந்த உதவியையும் கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும்.

இனி மைலேஜ். இதில் டெட்ராய்டை, அதாவது இந்த மூன்று கம்பெனிகளை, நான் தாங்கிப் பேசப்போவதில்லை. அரபு நாடுகள் 1973இல் எண்ணெயை நிறுத்தியதற்குப் பிறகு 1975இல் மைலேஜ் சட்டம் வந்தது. 1985க்குள் கார்கள் சராசரியாக கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 27.5 மைல் தர வேண்டும் என்றது. 'லைட் டிரக்' என்ற வகைக்கு மட்டும் தனியாக ஒரு லேசான அளவு. விவசாயியும் கொத்தனாரும் ஓட்டும் வண்டி என்பதால் வைத்த சலுகை அது. டெட்ராய்ட் என்ன செய்தது? குடும்பக் காரையே டிரக்கின் அடிச்சட்டகத்தின் (சாஸி) மேல் கட்டியது. எக்ஸ்ப்ளோரர், டாஹோ மாதிரி எஸ்யூவிகள் எல்லாமே சட்டத்தின் கண்ணுக்கு டிரக். 1996 முதல் 2004 வரை டிரக்குகளின் மைலேஜ் அளவு 20.7 மைலிலேயே நின்றது. ஏற்றச் சொன்னபோதெல்லாம் டெட்ராய்டின் ஆட்கள் வாஷிங்டனில் தடுத்தார்கள். இந்த ஊர்ப் பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர் டிங்கெல் அதற்குத் துணையாக நின்றார், போன நவம்பரில்தான் அவரது கமிட்டித் தலைவர் பதவி போனது. ஜிஎம்மின் ராட்சத எஸ்யூவி ஹம்மர் எச்2, எடை காரணமாக அந்த மைலேஜ் கணக்கிலேயே வராது. கிளின்டன் காலத்தில் மூன்று கம்பெனிகளும் அரசாங்கமும் சேர்ந்து 80 மைல் தரும் கார் செய்யக் கூட்டு வைத்தார்கள். அதில் இடம் கிடைக்காத டொயோட்டா 1997இல் பிரியஸை ரோட்டில் விட்டது. ஜிஎம் தன் மின்சார கார் இவி1ஐக் குத்தகைக்கு எடுத்தவர்களிடமிருந்து திரும்பப் பெற்று நசுக்கியது. அதைக் கைவிட்டதுதான் தான் எடுத்த மோசமான முடிவு என்று வாகனரே பிறகு ஒப்புக்கொண்டார். என்ஜினியராக அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

ஆனால் இவர்களிடம் நல்ல கார் செய்யத் தெரியாது என்று ஊரே நினைக்கிறது பார், அது உண்மை இல்லை. கிராண்ட் ரிவர் அவென்யூவில் ஒரு டீலர் கடையில் ஜிஎம்மின் புது மாலிபு காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அரசாங்க ஸ்டிக்கரை நின்று படித்தேன். நான்கு சிலிண்டர், ஆறு கியர்: கேலனுக்கு டவுனில் 22 மைல், நெடுஞ்சாலையில் 33. அதே ரக டொயோட்டா கேம்ரிக்கு 21, 31. மாலிபு போன வருஷம் வட அமெரிக்காவின் சிறந்த கார் பரிசு வாங்கியது. அந்தக் காரை எதிரில் நிறுத்தி யாரிடம் வேண்டுமானாலும் கேள், கேம்ரிதான் பெட்ரோல் மிச்சம் என்பார்கள். முப்பது வருஷமாக மட்டமான சின்னக் கார்களை விற்று இழந்த பெயர் ஒரு நல்ல காரால் திரும்பி வந்துவிடாது.

அப்புறம், அந்தப் பெரிய வண்டிகளை யார் கேட்டு வாங்கினார்கள்? டெட்ராய்ட் யார் தலையிலும் கட்டவில்லை. பெட்ரோல் மலிவாக இருந்தவரை டாக்டர், ரியல் எஸ்டேட்காரர் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். 2003இல் ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தொழிலுக்கு என்று வாங்கினால் ஒரு லட்சம் டாலர் வரை வரிக் கழிவு காட்டலாம் என்று இந்த நாட்டு நாடாளுமன்றமே சட்டம் போட்டது. ஒரு பெரிய எஸ்யூவியில் கிடைத்த லாபத்தில்தான் சின்னக் காரின் நஷ்டத்தையும், காருக்கு 1,500 டாலர் என்று ஜிஎம் சொன்ன மருத்துவச் செலவையும் சமாளித்தார்கள்.

பிறகு போன ஜூலையில் கேலன் 4.11 டாலர் ஆனது. ஒரே கோடையில் பிக்அப் வியாபாரம் படுத்துவிட்டது. பிரியஸுக்குப் பட்டியலில் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். ஃபோர்டு, வேய்ன் ஊரில் பெரிய எஸ்யூவிகள் செய்த ஆலையைச் சின்னக் காருக்கு மாற்றுவதாக அறிவித்தது. அதிலிருந்து கார் வெளியே வர 2010 ஆகும். விஸ்கான்சினில் ஜேன்ஸ்வில் ஆலையை ஜிஎம் கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால் மூடிவிட்டது. இன்று எங்கள் தெருமுனை பங்கில் பெட்ரோல் 2 டாலருக்கும் கீழே. என்ன ஆயிற்று தெரியுமா? பிரியஸ் விற்பனை சரிந்தது, மிசிசிப்பியில் பிரியஸ் செய்யக் கட்டிக்கொண்டிருந்த ஆலையை டொயோட்டாவே டிசம்பரில் நிறுத்திவைத்துவிட்டது. உலக விற்பனையில் 77 வருஷம் முதலிடத்தில் இருந்த ஜிஎம்மைத் தாண்டிவிட்டோம் என்று போன வாரம் செய்தி வந்த அதே டொயோட்டா! ஒரு காரை வரைபடத்திலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவர மூன்று நான்கு வருஷம் ஆகும். பங்கில் விலை மூன்று மாதத்தில் பாதியாகிறது. இந்த வேகத்துக்கு எந்தக் கம்பெனியாலும் கார் செய்ய முடியாது.

நான் சொல்ல வருவது இதுதான். அமெரிக்காவுக்கு மைலேஜ் வேண்டும் என்றால் பெட்ரோல் மேல் வரியை ஏற்ற வேண்டும். மத்திய வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993இல் வைத்தது, அதன்பிறகு ஒரு சென்ட் ஏறவில்லை. உங்கள் ஊரில் பெட்ரோல் விலையில் வரி எவ்வளவு என்று உனக்கே தெரியும். அதனால்தான் மாருதிக்காரன் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்காக உயிரை விடுகிறான். இங்கே டெட்ராய்டைத் திட்டுகிற எந்த அரசியல்வாதியும் 'பெட்ரோல் வரி' என்று வாய் திறப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, முன்கூட்டியே சொல்லி ஏற்றி, அந்தப் பணத்தை மக்களின் சம்பள வரியில் குறைத்துக் கொடுக்கட்டும். அப்போது எந்த வண்டி செய்வது என்று டெட்ராய்டுக்கும் தெரியும், எதை வாங்குவது என்று மச்சானுக்கும் தெரியும்.

உனக்குப் பிடித்த மாதிரி ஒரு கணக்கு. டியூக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் இருவர் போன வருஷம் எழுதிய கட்டுரையிலிருந்து பிடித்தது, எண்கள் நானாக ஸ்டிக்கரைப் பார்த்துப் போட்டவை. வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள். ஹோண்டா சிவிக் (கேலனுக்கு 29 மைல்) விட்டுப் பிரியஸ் (46) வாங்கினால் மிச்சமாவது 153 கேலன். சாதா டாஹோ (16) விட்டு ஹைபிரிட் டாஹோ (21) வாங்கினால் மிச்சமாவது 179 கேலன்! அஞ்சே மைல் கூடியதற்கு இவ்வளவு. நாட்டின் எண்ணெயைக் குடிப்பது அடிமட்ட மைலேஜ் வண்டிகள்தான், அங்கே கொஞ்சம் ஏற்றினாலும் பலன் அதிகம். ஐம்பதாயிரம் டாலரை ஒட்டிய விலையில் விற்றால் அந்த ஹைபிரிட் டாஹோவை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் இந்தக் கணக்கு பளிச்சென்று தெரியும்.

திங்கட்கிழமை ஒபாமா, கலிபோர்னியா தன் சொந்தப் புகை விதியை வைத்துக்கொள்ளலாமா என்று மறுபடி பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறார். மச்சானுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் விதி கடுமையாவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பெட்ரோல் விலையைத் தொடாமல் விதியை மட்டும் இறுக்கினால், மக்கள் கேட்காத காரை இவர்கள் தள்ளுபடி போட்டு விற்க வேண்டியிருக்கும், அதற்கும் கெட்ட பெயர் டெட்ராய்டுக்குத்தான்.

பையன் ஆட்டோமொபைல் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாயே. இங்கே நிலைமையைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோபோ ஹால் கார் கண்காட்சியில் ஜிஎம்மின் வோல்ட் என்ற மின்சாரக் காரின் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். அதன் பேட்டரி செல் கொரியாவின் எல்ஜியிலிருந்து வருகிறது என்று அறிவித்தார்கள். இனிமேல் வேலை அந்தப் பக்கம்தான். கவுன்சிலிங்கில் மெக்கானிக்கல் கிடைத்தால் எடுக்கச் சொல், கூடவே எலக்ட்ரிகல் மெஷின்ஸும் பவர் எலக்ட்ரானிக்ஸும் விருப்பப் பாடமாகப் படிக்கட்டும். புத்தகம் ஏதாவது வேண்டுமென்றால் எழுது, மே மாதம் ஊருக்கு வருகிறவர் ஒருவர் இருக்கிறார், கொடுத்தனுப்புகிறேன். மறைமலை நகரில் ஃபோர்டின் சின்னக் கார் வேலை நிற்காமல் நடக்கிறதா, உங்கள் ஆர்டர் கையில் இருக்கிறதா என்றும் எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
முரளி