வாதி ரம் கருங்கூடாரத்துக்கு ஒரு நன்றி மடல்

ஜோர்தானின் தெற்கே, வாதி ரம் பாலைநிலத்தில் என்னை நான்கு நாள் தங்கவைத்து உணவளித்த பெரியவருக்கும், அவர் வீட்டுப் பெண்களுக்கும், பிள்ளைகளுக்கும் பணிவான வணக்கம்.

பெயரும் படமும் வெளியே வர வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால், இம்மடலில் உங்களில் எவர் பெயரையும் எழுதவில்லை. இதன் ஆங்கில வடிவத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன். நமக்கிடையே மொழியாக நின்ற உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை அதை அரபியில் படித்துக் காட்டுவார். அவருடைய பொறுமைக்கே என் முதல் நன்றி.

ஐயா, நான் யார், எதற்காக வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. விருந்தாளியிடம் மூன்று நாள்வரை காரணம் கேட்பதில்லை என்பது, மந்தையோடு பாலைநிலத்தில் வாழும் அரபு மக்களான பெதுயின்களின் மரபு எனப் படித்திருந்தாலும், அதன் கண்ணியத்தை உங்கள் முன்னிலையில்தான் உணர்ந்தேன். நீண்ட கைப்பிடி கொண்ட இரும்புக் கரண்டியில் பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்து, ‘மிஹ்பாஷ்’ என்னும் மர உரலில் தாளம் தவறாமல் இடித்தீர்கள். அந்த ஓசையே அக்கம்பக்கத்தாருக்கு விருந்தாளி வந்திருப்பதைச் சொல்லும் அழைப்பு என்பதை, ஒவ்வொருவராக வந்து அமர்ந்தபோது புரிந்துகொண்டேன். ஏலக்காய் மணக்கும் அந்தக் கசப்புக் காப்பியின் முதல் வாயை நீங்களே அருந்திக் காட்டிய பிறகுதான் எனக்கு ஊற்றினீர்கள். போதும் என்பதற்குக் குவளையை மெல்ல அசைக்க வேண்டும் என்றறியாமல் நான் மீண்டும் மீண்டும் வாங்கிக் குடித்தபோது, உங்கள் இளைய மகன் ஒரு சொல்லும் சொல்லாமல் தன் குவளையை அசைத்து எனக்கு வழிகாட்டினார். தம்பி, அந்த நயத்தை நான் மறக்கவில்லை.

பெண் என்பதால் கூடாரத்தின் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி இரண்டும் எனக்குத் திறந்திருந்தன. அம்மா, இம்மடலை எழுதத் தூண்டியது உங்கள் பகுதியில் நான் கண்ட உழைப்பே. சுற்றுலாப் பயணிகள் மணலைத் தோண்டி ‘ஸர்ப்’ இறைச்சியை வெளியே எடுப்பதைப் பார்த்து மகிழ்ந்து திரும்பிவிடுகிறார்கள். தணலின் மேல் ஆட்டிறைச்சியையும் காய்களையும் அடுக்கி, மூடி, மணலால் புதைத்துச் சமைத்துத் தந்த இளைஞர்களுக்கும் என் நன்றி உரியது. ஆயினும் அது ஒரு மாலையின் வேலை. மோரைத் திரித்து உலர்த்திய கட்டியான ஜமீது அப்படியன்று.

ஆடுகள் நிறையப் பால் தரும் வசந்தத்தில் நான் வந்தது என் நற்பேறு. தயிரை ஆட்டுத்தோல் பையில் ஊற்றி, முக்காலியாகக் கட்டிய கழிகளில் தொங்கவிட்டு, விடியற்காலையிலிருந்து முன்னும் பின்னும் ஆட்டினீர்கள். உள்ளே வெண்ணெய் திரண்டுவிட்டதைப் பையின் ஒலி மாறியதைக் கொண்டே அறிந்தீர்கள். என் கையைப் பிடித்து அப்பையின் மேல் வைத்து அதை எனக்கும் உணர்த்தினீர்கள். பிறகு மோரை இளஞ்சூட்டில் திரியவிட்டு, துணியில் கட்டி நீர் வடித்து, உப்பிட்டுப் பிசைந்து, உருண்டைகளாகப் பிடித்து உலர்த்தினோம். வெண்ணெயை உடைத்த கோதுமையோடும் மணச்சரக்கோடும் உருக்கியபோது, கசடையெல்லாம் கோதுமை உறிஞ்சிக்கொள்ள, நெய் தெளிந்து மேலே நின்றது. அந்தக் கோதுமையும் வீணாகாமல் பிள்ளைகளின் தட்டுக்குப் போயிற்று.

நாம் அமர்ந்திருந்த கூடாரமும் உங்களைப் போன்ற பெண்களின் கைவேலையே. வெயிலில் காற்றை உள்ளே விடும் அந்த ஆட்டுமயிர்த் துணி, மழையில் நனைந்ததும் இழைகள் உப்பி நெருங்கி நீரைத் தடுக்கிறது என்று நீங்கள் விளக்கியபோது, ஊரில் சிமெண்ட் வீடு இருந்தும் மந்தையோடு ஏன் இங்கே வந்து தங்குகிறீர்கள் என்ற என் கேள்வி தானே அடங்கியது.

கடைசி நாளில் மன்சஃப் சமைத்தீர்கள். ஊறவைத்துக் கரைத்த ஜமீதில் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருக்க, உங்கள் மருமகள் கவிழ்த்த இரும்புத் தகட்டின் மேல் ‘ஷ்ராக்’ ரொட்டியைத் துணிபோல் மெல்லிதாக விரித்துச் சுட்டார். பெருந்தட்டில் ரொட்டி, அதன்மேல் சோறு, அதன்மேல் இறைச்சி, வறுத்த பாதாம். எல்லோரும் ஒரே தட்டில் வலக்கையால் கவளம் பிடித்து உண்டோம். நல்ல துண்டுகளெல்லாம் என் பக்கமே நகர்ந்து வந்தன. பெத்ரா, வாதி ரம் பெதுயின்களின் பண்பாட்டு வெளியை யுனெஸ்கோ 2008இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மன்சஃபை 2022இல் சேர்த்தது. அந்தச் சிறப்பில் பெரும்பங்கு தோல்பையை ஆட்டிய கைகளுக்கு உரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புறப்படும்போது நீங்கள் துணியில் முடிந்து தந்த மூன்று உருண்டைகளில் ஒன்றை, சென்ற வாரம் இரவு முழுதும் ஊறவைத்துச் சமைத்து, என் தாயாருக்குப் பரிமாறினேன். அவர் உங்கள் உடல்நலத்தை விசாரித்து எழுதச் சொன்னார். மற்ற இரண்டையும் அதே துணியில் வைத்திருக்கிறேன்.

மாறா நன்றியுடன்,
உங்கள் விருந்தாளி