மூக்கு ஸ்ப்ரே: பயம் ஓரிடம், ஆபத்து வேறிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடையில் இயந்திரம் கிளப்பும் தூசியும் நெல் சுணையும் தைப் பனியோடு சேர்ந்துகொள்ள, டெல்டாவில் இப்போது அடுக்குத் தும்மலும் மூக்கடைப்புமாகப் பலர் அவதிப்படுகிறார்கள். மருத்துவர் ஸ்ப்ரே எழுதிக்கொடுத்தால், ‘ஸ்டீராய்டாமே’ என்று பயந்து அதை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து கேட்டு வாங்குகிறார்கள். பயப்பட வேண்டியது அந்தச் சொட்டு மருந்துக்குத்தான். இரண்டு நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். ஐந்து நாளைத் தாண்டினால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும். அடைக்க அடைக்க விடுவார்கள், விட விட அடைக்கும்.

மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்களான மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் ஃபியூரோயேட் இரண்டிலும் இரத்தத்தில் கலப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மொமெட்டசோனில் பெரியவர்களுக்கு ஒரு நாள் அளவே 200 மைக்ரோகிராம்தான். மாத்திரை, ஊசி ஸ்டீராய்டோ உடம்பு முழுக்கப் போகும். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

ஸ்ப்ரேயில் வரும் தொல்லை பெரும்பாலும் மூக்கில் இரத்தம் கசிவது. குப்பி நுனியை மூக்கின் நடுத்தண்டு பக்கம் சாய்த்து அடிப்பதே அதற்கு முக்கியக் காரணம். முதலில் மூக்கைச் சிந்துங்கள். மருந்து அடியில் தங்கும், குப்பியைக் குலுக்குங்கள். புதுக் குப்பியென்றால் மெல்லிய பனிபோல் வரும்வரை காற்றில் அடித்துவிடுங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்தால் நுனி தானாகவே காதுப் பக்கம் திரும்பும். அடித்ததும் மெதுவாக மூச்சிழுத்தால் போதும். உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், நாக்கில் கசப்புத்தான் மிச்சம்.

இரண்டு நாளில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். முழுப் பலனுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்; தினமும் அடிக்க வேண்டும்.

கண்ணழுத்த நோய் உள்ளவர்களும், அண்மையில் மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். படர்தாமரைக்கு இட்ராகொனசோல் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃப்ளூட்டிகசோன், புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே மருந்துகள் உடம்பில் சிதைவதை அது தடுத்து, அவற்றை உடம்பில் சேரவிடும். குழந்தைகளுக்கு அளவு குறைவு. மாதக்கணக்கில் அடிப்பதென்றால், வளர்ச்சி குறைகிறதா என்று பார்க்க உயரத்தை அவ்வப்போது அளந்து குறித்து வையுங்கள்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குப்பியைக் கொடுக்கும்போது பிடிக்கும் விதத்தை ஒருமுறை காட்டிக் கொடுங்கள். 120 தெளிப்புக் குப்பி, நாளுக்கு நான்கு அடித்தால் 30 நாள்தான் வரும் என்பதையும் சொல்லுங்கள். அதன்பிறகு அடியில் மருந்து தெரிந்தாலும் அளவு சரியாக வராது.

காது மூக்கு தொண்டை மருத்துவர்,
மன்னார்குடி